துறையூர்க் கணக்கில் இருந்த வீடு

எங்கள் பணம் துறையூரில் இருந்தது. நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தோம். அந்த வருஷத்து என் தலைவலி முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஆனால் இரண்டு வாக்கியத்தோடு வாயை மூடிக்கொள்கிற ஆள் நானில்லை.

என் கணவர் ஆற்றோரத்து ரப்பர் கிடங்கு ஒன்றில் கிராணி. கணக்கு எழுதுகிற வேலைக்கு இங்கே அதுதான் பெயர். நான் வீட்டிலேயே தைத்தேன். பள்ளிக்கூடச் சீருடைதான் பெரும்பாலும். ஜனவரி பிறந்தால் என் மெஷின் நிற்காது. இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை மாதாமாதம் ஊருக்கு அனுப்பினோம். துறையூரில் என் அண்ணனுக்குச் சைக்கிள் கடை. அங்கே ஒரு பேங்கில் என் பெயரும் அண்ணன் பெயரும் சேர்த்து ஒரு கணக்கு. யார் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கலாம். தம் சித்தப்பா பெயரில் போடலாமே என்று கணவர் இழுத்துப் பார்த்தார். உங்கள் சித்தப்பாவுக்குச் சீட்டாடக் காசு வேண்டுமென்றால் தனியாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

அப்போது எல்லாரும் செய்தது அதுதான். சம்பாதிப்பது இங்கே, வாழப்போவது அங்கே. அதனால் இங்கே ஒன்றும் வாங்கமாட்டோம். எங்களுக்கு அலமாரி கிடையாது, மூன்று டிரங்குப் பெட்டிகள்தான். கட்டில் கிடையாது, பாய்தான். நல்ல பாத்திரமாகப் பார்த்து ஆசைப்பட்டால், நாட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்பார் கணவர். ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவளைப் போலவே நான் குடித்தனம் நடத்தினேன். பிள்ளைகள் இரண்டும் அந்தப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதின.

நாங்கள் குடியிருந்தது ஒரு செட்டி வீட்டின் பின்கட்டில். மலாக்காச் செட்டிகள் தமிழ் பேசமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மனிடம் மலாயில்தான் முறையிடுவாள். சாரோங்கும் கெபாயாவும் கட்டி, வாசலில் மசாலா காயவைத்துக்கொண்டே எங்கள் போக்குவரத்தை எல்லாம் பார்த்திருப்பாள். சம்பளத்துக்கு மறுநாள் கணவர் பேங்குக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பாள். "பூவாட் அப்பா செமுவா ஹந்தார் சானா?" எதற்காக எல்லாவற்றையும் அங்கே அனுப்புகிறாய் என்று அர்த்தம். அவளுக்கு அங்கே என்று ஒரு இடமே கிடையாது. அவள் பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் இந்த மண்ணில்தான். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கென்ன தெரியும் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு மலாயில் சிரித்துவைப்பேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எங்கள் சந்தில் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் வேறு பேச்சே இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடுவதா, கப்பல் ஏறுவதா? காலையில் இருப்பேன் என்றவர் சாயங்காலம் போவேன் என்பார். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். எனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. ஒருநாள் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். 'எங்கள் வீடு' என்று தலைப்பு. படத்தில் வீடே இல்லை, மூன்று பெட்டிகள் மட்டும் இருந்தன. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னேன், நான் எங்கேயும் வரவில்லை, இங்கேயே ஒரு வீடு பாருங்கள் என்று.  அவர் சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று நான் நினைக்கவில்லை. சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வீடு தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு சந்து தள்ளி ஒரு பலகை வீடு. தகரக் கூரை, முன்னால் ஒரு ரம்புத்தான் மரம், பின்னால் கிணறு. மளிகைக் கடை நடத்திக் கடையை மூடிவிட்ட ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், வீடு அது. சிங்கப்பூரில் மகன் வீட்டோடு போய் இருந்துவிடப்போகிறார். விலையைச் சொன்னார். துறையூரில் கிடக்கிற பணத்தை இங்கத்து வெள்ளியாக, அதாவது டாலராகக் கணக்குப் போட்டால் சரியாக அந்த விலைக்கு வந்து நின்றது. பத்து வெள்ளி மிஞ்சினால் அதிகம். சீனப் பெருநாளுக்குள் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் புது வருஷத்தைப் புது இடத்தில் கொண்டாடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கு முந்தின நாள்வரை உனக்காக வைத்திருப்பேன், அப்புறம் தெங்கேராவிலிருந்து கேட்டிருக்கிறவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் தவுக்கே. நியாயமான மனிதர். என் அவசரத்துக்கு அந்த நியாயம்தான் இடைஞ்சலாக இருந்தது.

பணத்தைத் திரும்ப வரவழைக்கலாம் என்று பேங்குக்குப் போனோம். இத்தனை வருஷமாக எந்தச் சாளரத்தில் நின்று அனுப்பினோமோ அதே சாளரம். உள்ளே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், அழகான தமிழ். அனுப்புவதென்றால் இன்றைக்கே அனுப்பித் தருகிறேன் என்றார். வரவழைப்பதென்றால் அது இந்திய சர்க்கார் கையில் இருக்கிறதாம். வெளிநாட்டுக்குப் பணம் போக அவர்கள் விடுவதில்லையாம். பம்பாய்க்கு எழுதி அனுமதி கேட்கவேண்டும், வீடு வாங்குகிறோம் என்ற காரணத்துக்கெல்லாம் அனுமதி கிடைத்து அவர் பார்த்ததில்லையாம்.

"எங்க பணம்ங்க அது. நாங்க அனுப்பினது" என்றேன்.

"அம்மா, அனுப்பும் மட்டும்தான் அது உங்கட பணம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.  பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள். ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்து அனுப்பாதே என்று கத்தவேண்டும்போல இருந்தது. கணவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

அடுத்து வட்டிக்கடைச் செட்டியாரின் கிட்டங்கி. அங்கே காரியம் நடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் நாம் ரூபாய் கொடுத்தால் இந்தப் பக்கம் அவர்கள் வெள்ளி தருவார்கள், பேங்கும் வேண்டாம், பம்பாயும் வேண்டாம். மேலாள் மரியாதையாக உட்காரவைத்து, சோடா வரவழைத்துக் கொடுத்துவிட்டு, காலுக்கு மேல் கழித்துக்கொள்வோம் என்றார். நூறுக்கு இருபத்தைந்தா என்று கேட்டேன். இப்போது எல்லாருக்கும் இதே அவசரம்தான், ஊர் நடப்பு அப்படி என்றார். அந்தக் கழிவைக் கொடுத்தால் வீட்டில் கூரை இருக்கும், சுவர் இருக்காது. சோடாவைக் குடிக்காமல் எழுந்துவந்தேன். நல்ல வெயில். குடித்துவிட்டாவது வந்திருக்கலாம் என்று வழியெல்லாம் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவைத்தேன். செமாபோக்கில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டால் அங்கே ஓடுவேன். அவர் கையில் காசில்லாமல் போகிறவராக இருப்பார். பசாரில் மீன்காரர் சொன்னார் என்று இன்னொருவரைத் தேடிப் போவேன். அவர் போன வாரமே கப்பல் ஏறியிருப்பார். கணவர் கேட்டார், நீ தேடுவது எந்த மாதிரி ஆளை, அதையாவது சொல் என்று. கையில் நிறைய வெள்ளி இருக்கவேண்டும், ஒரேயடியாக ஊருக்குப் போகிறவராக இருக்கவேண்டும், ஊரும் துறையூர்ப் பக்கமாக இருக்கவேண்டும், யோக்கியமாகவும் இருக்கவேண்டும் என்றேன். மாப்பிள்ளை தேடுவதே சுலபம் என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் தினமும் இரண்டு வேளையும் என் வாசலுக்கு வந்து பால் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நான்தான் கவனிக்கவில்லை.

புக்கிட் காதில் பக்கம் மாடு வைத்திருந்தார் அந்தப் பால்காரர். ஐம்பத்தைந்துக்குக் குறையாத வயது. பேச்சு குறைவு. தண்ணீரும் குறைவாகத்தான் கலப்பார். ஊர் முசிறிக்கு அந்தண்டை. வாலிபத்தில் வந்தவர், நடுவில் இரண்டே தடவை போய்வந்திருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் அங்கே. ஒருநாள் சாயங்காலம் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். கணவர் வந்ததும் மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ஊருக்குப் பணம் அனுப்ப பேங்கில் கொடுத்த விண்ணப்பப் பாரம். மாட்டையெல்லாம் பேசி முடித்துவிட்டார், ஒரேயடியாகப் போகிறார், தை கடைசியில் கப்பல். எவ்வளவு நாளாக இருக்கிறாய், என்ன தொழில், லைசென்சு உண்டா, பணம் எப்படி வந்தது என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. லைசென்சு நான்கு மாட்டுக்குத்தான், மாடு அதற்குமேல் நிற்கிறது, எதை எழுதுவது தம்பி என்று தலையைச் சொறிந்தார்.

கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் பாய்ந்துபோய்ப் பாரத்தைப் பிடுங்கினேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மூச்சுவிடாமல் கொட்டினேன். உங்கள் வெள்ளி இங்கே இருக்கட்டும், என் ரூபாய் அங்கே இருக்கட்டும். என் அண்ணன் உங்கள் வீட்டம்மா கையில் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார், நீங்கள் இங்கே எனக்கு வெள்ளியைக் கொடுத்துவிடுங்கள். பேங்கில் பலகையில் எழுதிப்போட்டிருக்கிற விலைதான், கழிவு கிடையாது, பாரம் கிடையாது, மாட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். இது சட்டப்படி சரிதானா என்று கணவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். நான் பார்த்த பார்வையில் பேனாவை மூடிவிட்டார்.

பால்காரர் யோசித்தார். எவ்வளவு ரூபாய் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவரிடமும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது. பிறகு ஒன்று சொன்னார்.

"மொதல்ல அங்க அவ கையில காசு சேரணும்மா. சேந்துச்சின்னு தந்தி வரணும். அப்புறந்தான் இங்க காசு டின்னைத் தொறப்பேன்."

அதற்குள் நீங்கள் கப்பல் ஏறிவிட்டால் என் கதி என்ன என்றேன். அவர் கோபப்படவில்லை. நியாயம்தான் என்றார். முன்னால் கொடுப்பது அவரா நானா என்று கொஞ்ச நேரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் வீட்டுக்கார அம்மாளிடம் டின்னைக் கொடுத்துவைப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் பால்காரர் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். பால்மாவு டின். ஆயுசு பூராவும் மாட்டுப்பால் விற்றவர் காசைப் போட்டுவைக்க மாவுப்பால் டின்தான் கிடைத்ததா என்று கேட்டுவிட்டேன். அது ஒன்றுதான் எறும்பு புகாமல் மூடும் என்றார். வீட்டுக்கார அம்மாளுக்கு நான் மலாயில் விளக்கினேன். அவள் பாதியில் கையமர்த்தினாள். எனக்கு ஒன்றும் புரியவேண்டாம், யார் வந்தால் கொடுக்கவேண்டும் என்று மட்டும் சொல் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் என்றோம். மசாலா அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணனுக்கு விமான தபாலில் எழுதினேன். கணக்கில் இருப்பதை எடுத்து இன்ன ஊரில் இன்னாருடைய மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தந்தி அடிக்கவும் என்று. எல்லாவற்றையும் எழுதியபின் கீழே ஒரு வரி சேர்த்தேன். நாங்கள் இங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டோம். அந்த வரியை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதினேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. என் மனசு எங்கெங்கோ ஓடியது. போன வருஷம் ஊருக்குப் போய்வந்த ஒருத்தி, உங்கள் அண்ணன் கடைக்கு முன்பக்கம் புதிதாக ஓடு போட்டிருக்கிறார் என்று சொல்லியிருந்தாள். அப்போது பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது அந்த ஓடு என் தலைமேல் வந்து விழுந்தது. யார் காசில் ஓடு? அண்ணியின் கழுத்தில் இரட்டை வடம் பார்த்தேன் என்றாளே, அது யார் காசு? ஒரு கையெழுத்துப் போதும் என்று வைத்தவள் நான்தானே. துணியை வெட்டும்போதும் அதே நினைப்பு, சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. கூடப்பிறந்தவனைத் திருடன் என்று மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

பால்காரரும் தினம் கேட்டார். வாயால் கேட்கமாட்டார். பாலை ஊற்றிவிட்டு ஒரு கணம் அதிகமாக நிற்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவருக்கும் கப்பல் நெருங்கிக்கொண்டிருந்தது. தவுக்கேயின் வீட்டிலோ சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரம்புத்தான் மரத்தடியில் மேஜை, நாற்காலி எல்லாம் வெளியே வந்து நின்றன. அந்தப் பக்கமாகத் தெங்கேராக்காரன் ஒருவன் சைக்கிளில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். என் புருஷனுக்கு யாரோ பெண் பார்க்க வந்ததுபோல எனக்குக் கொதித்தது.

நாமே தந்தி அடிப்போம் என்று கணவரை இழுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். இத்தனை வருஷம் உன்னை நம்பி என்று ஆரம்பித்தேன். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று கவுண்டரில் எழுதியிருப்பதைக் காட்டினார். சரி, அம்மா இருந்தால் இப்படிச் செய்வாயா என்பதை மட்டும் போடுங்கள் என்றேன். அவர் எழுதி முடித்துக் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டு வந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். 'உடனே கொடு, தந்தி அடி' என்றார். அவ்வளவுதானா? அவ்வளவுதான். வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

பதில் தந்தி கிடங்கு விலாசத்துக்கு வந்தது. சாப்பாட்டு வேளையில் கணவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கிடங்கை விட்டு நடுவில் வருகிற ஆளே இல்லை அவர். வாசலிலேயே நின்று படித்துத் தமிழில் சொன்னார். 'பணம் கொடுத்தாயிற்று. கணவர் இப்போது புறப்பட வேண்டாம் என்கிறாள் மனைவி.' கீழே அண்ணன் பெயர்.

முதல் பாதியைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுதேன் என்றே நினைக்கிறேன். என் அண்ணன் என் அண்ணன்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். ஓட்டையும் வடத்தையும் ஒரே நொடியில் மறந்துபோனேன். இரண்டாம் பாதி அதற்குப் பிறகுதான் மெல்ல உள்ளே இறங்கியது.

புறப்பட வேண்டாமா? மாட்டை விற்று, கப்பல் டிக்கெட் எடுத்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? காசு வந்துவிட்டது, ஆள் வேண்டாம் என்றல்லவா இருக்கிறது. ஒருவேளை வேறு காரணம் இருக்கலாம் என்றார் கணவர். மழையாக இருக்கலாம், மகன் வேலை விஷயமாக இருக்கலாம், மேலும் கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டு வரட்டும் என்று நினைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், முதலில் டின்னைத் திறக்கட்டும், மற்றதை அப்புறம் சொல்லுங்கள் என்றேன். சொன்னேன்தான், அதில் எனக்குக் கூச்சமில்லை. அங்கே ரூபாய் கைமாறிவிட்டது, டின்னில் இருப்பது எங்களுடையது, நாளை மறுநாள் தவுக்கே கிளம்புகிறார். கணவர் தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பால்காரர் வந்தார். கணவரை வீட்டில் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கார அம்மாளும் டின்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கணவர் தந்தியைப் பிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பாதியையும் ஒரே மூச்சில், ஒரு வார்த்தை விடாமல் படித்தார்.

எனக்கு அவரை அப்படியே பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. பால்காரர் கேட்டார்.

"அவ சொன்னாளாமா தம்பி, மகன் சொன்னானாமா?"

மனைவி என்றுதான் போட்டிருக்கிறது என்றார் கணவர். பால்காரர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, அங்க குடுத்த காசு மறுபடி இங்க வருமா?"

மலாக்காவில் அதற்குப் பதில் தெரிந்தவள் என்னைவிட யார் இருந்தார்கள்? பேங்குக்கு அலைந்தவள், கிட்டங்கிக்கு அலைந்தவள், செமாபோக்குக்கும் பசாருக்கும் ஓடினவள் நான்.  வராதுங்க ஐயா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். குனிந்து டின்னை என் பக்கம் நகர்த்தினார். எண்ணிப் பாருங்கள் என்றார். நான் எண்ணவில்லை. என்னால் முடியவில்லை. வீட்டுக்கார அம்மாளுக்குப் பேச்சு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு குவளை கோப்பி கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

நாங்கள் வாங்கப்போகிற வீட்டில் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவசரத்தில் வந்த வார்த்தைதான், ஆனால் மனதார வந்தது. அவர் முதல் தடவையாகச் சிரித்தார். கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தம்பி, ஒரு தந்தி எழுதுங்க. கப்பல் ஏறியாச்சுன்னு போடுங்க."

இன்னும் ஏறவில்லையே, கப்பலுக்கு நாலு நாள் இருக்கிறதே என்றார் கணவர்.

"அவளுக்கு நாலு நாள் கழிச்சுத் தெரிஞ்சா வேண்டாங்கறதுக்கு நாலு நாள் கெடைக்குமில்ல. இப்பவே போடுங்க."

கணவர் எழுதினார். பால்காரர் காசை எடுத்து நீட்டினார், இவர் வாங்கிக்கொள்ளவில்லை. காலையில் கடைசிப் பாலைக் கொண்டுவருகிறேன், இனிமேல் மாட்டை வாங்கினவன் வருவான், அவன் தண்ணீர் கலப்பான், பார்த்து வாங்குங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் அவர் நடை எப்போதும்போலத்தான் இருந்தது.

மறுநாள் தவுக்கே பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கிணற்றுக்கு வாளியும் கயிறும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் ரம்புத்தான் மரத்தைச் சுற்றி ஓடினார்கள். நான் ஒவ்வொரு அறையாகப் போய் நின்றேன். இத்தனை நாள் இந்தப் பலகைகளுக்காகத்தானே ஓடினேன், சந்தோஷம் வரவேண்டுமே என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. எதுவோ இடறிக்கொண்டே இருந்தது. தந்தியைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும், ஆனாலும் எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் அதில் பால்காரர் மனைவி சொன்னது இருந்தது, பணம் கொடுத்தது இருந்தது, எனக்கென்று ஒன்றும் இல்லை. இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று நான் அடித்து அடித்து எழுதிய வரிக்குப் பதில் இல்லை. கேட்ட பணத்தை அண்ணன் அப்படியே எடுத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறார். அத்தனையையும் செய்திருக்கிறார்.

கணவர் டிரங்குப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். தந்தி எதற்கு இன்னும் என்றார்.

"அண்ணன் ஒரு வார்த்தை கேக்கலையே, ஏன் வரமாட்டேங்கறேன்னு" என்றேன்.

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

"போயிருக்கமாட்டேன்" என்றேன்.  "ஆனா கேட்டிருக்கணும்."